டிஸ்லெக்சியா (படிக்க, எழுதத் தடுமாறற குறைபாடு) இருக்கற பசங்க ஆராய்ச்சிக்குப் பேட்டி குடுத்தா இன்ஜினியரிங் சீட்டு போயிடுமா?

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஃபேமிலி குரூப்ல எல்லாம் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது, "ஆட்டிசம், டிஸ்லெக்சியா இருக்கற இன்ஜினியரிங் பசங்கள ஆராய்ச்சினு கூப்பிட்டு பேச வைக்கறாங்க, போனா பேரு லிஸ்ட்ல ஏறி சீட்ட கேன்சல் பண்ணிடுவாங்க"னு. சுத்தப் பொய்ங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, அதுல ஆட்டிசமும் டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடும் பேர் சொல்லியே இருக்கு, குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோனு சர்டிஃபிகேட் இருந்தா அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல 5 சதவீதம் இடஒதுக்கீடே உண்டு, அப்புறம் எதுக்கு சீட்ட புடுங்கப் போறாங்க?

முறையா ஆராய்ச்சி பண்றவங்க முதல்ல நீட்டறதே சம்மதப் படிவம்தான். பேர மறைச்சுத்தான் எழுதணும், பாதில வேண்டாம்னு எந்திரிச்சு வந்தாலும் கேள்வி கிடையாது. பேப்பரே நீட்டாம பேசச் சொன்னா அங்க சந்தேகப்படுங்க.

எங்க பெரியம்மா பேரன் மெக்கானிக்கல், டிஸ்லெக்சியா இருக்கு. ட்ராயிங் ஷீட்ல கோடு ஒரு மயிரிழை தப்பாது, ஆனா டைமென்ஷன்ல 69 போடற இடத்துல 96 போட்டுடுவான். சர்டிஃபிகேட் இருக்கு, 3 மணி நேர பரீட்சைக்கு 1 மணி நேரம் கூடுதல் உண்டுனு 2018லயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தாச்சு, அவன் காலேஜ்ல ஒருத்தரும் சொல்லல. இந்த மாதிரி விஷயம் வெளிய வரத்தான் அந்தப் பேட்டியே.

மெசேஜ் அனுப்பின அண்ணன்கிட்ட எந்தக் காலேஜ், எந்தப் பையன்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, அவ்ளோதான்.