கேண்டீன் அகப்பைக்கு யார் லேபல் ஒட்டுவது?

போன மாதம் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளிக் கேண்டீனுக்குப் போயிருந்தேன். என்னிடம் வரும் பையன் ஒருவன் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இறால் அவனுக்கு ஆகாது. ஒருமுறை மூச்சுத் திணறல் வரை போயிருக்கிறது. "இறால், நண்டு கொடுக்கக் கூடாது" என்று பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த டயட்டீஷியன் நான்தான். முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்கா.

கேண்டீன் அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். "அவன் என் பேரன் மாதிரிம்மா, இறால் கண்ணுலகூட காட்ட மாட்டேன்." பொய்யில்லை. இறால் விற்கும் விலைக்குக் கேண்டீனில் கட்டுபடியும் ஆகாது.

ஆனால் அடுப்பில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கான மிளகாய்ச் சம்பல் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிண்டிய அகப்பையாலேயே பக்கத்துச் சட்டியில் மீ கோரேங் நூடுல்ஸை ஒரு புரட்டு புரட்டினார்.

"சம்பல்ல பெலாச்சான் இருக்கா அக்கா?"

"பெலாச்சான் இல்லாம சம்பலா?"

"அது இறாலை இடிச்சுச் செஞ்ச விழுதுதானே, அதுவும் இறால்தானே?"

கரண்டி நின்றது. "அது மசாலா மாதிரிதானேம்மா..."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் பெலாச்சான் என்று நான் எழுதவே இல்லை. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்களும் நிறையப் பேர். இறாலில் ஒவ்வாமையைக் கிளப்பும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டுக்கெல்லாம் மசியாது.

பொட்டலத்தில் அடைத்து விற்பதற்கு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இருக்கின்றன. கச்சான் (நிலக்கடலை), சோயா, பால், முட்டை, மீன், குளூட்டன் உள்ள தானியம் எது இருந்தாலும் லேபலில் சொல்லியாக வேண்டும். அதே கச்சான் பொட்டலத்தைப் பிரித்து, இடித்து, குழம்பில் கொட்டியதும் லேபல் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. தட்டு நீட்டும் பிள்ளைக்கு யார் சொல்வது?

சமைப்பவர்களுக்குச் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைப்படி பயிற்சிக்குப் போக வேண்டும், டைபாய்டு ஊசி போட வேண்டும். அக்கா தன் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கேட்டால் செய்கிறவர்தான். நாம்தான் கேட்கவில்லை.

நாம் என்று என் தொழில்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன். 2016ஆம் ஆண்டில் இயற்றிய 774ஆம் எண் சட்டம் எங்களைப் பதிவுபெற்ற தொழிலாக்கியது. பள்ளிக்குப் போகிறோம், சுக்கு-சுக்கு-செபாரு (கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் இறைச்சி, அரைத் தட்டு காய்கனி) தட்டைக் காட்டுகிறோம், மைலோவில் சீனியைக் குறைக்கச் சொல்கிறோம், மேடையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். சீனி போட்ட பானங்களுக்காவது 2019 ஜூலையில் வரி வந்தது, அப்போது லிட்டருக்கு 40 சென். அதைவிடச் சின்ன வேலையைத்தான் இப்போது கேட்கிறேன். கேண்டீன் குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி: அன்றைய பலகாரத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பலகையில் எழுத வேண்டும், தனி அகப்பை வைக்க வேண்டும். இதை ஒவ்வொரு தாயும் பள்ளிப் படியேறிக் கெஞ்சக் கூடாது. எங்கள் சங்கம்தான் கல்வி, சுகாதாரம் என இரண்டு அமைச்சின் கதவையும் தட்ட வேண்டும்.

கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி இன்னொரு சங்கடம். மூச்சு அடைக்கும்போது அரிப்பு மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து பள்ளிகளே மருந்துச் சீட்டு இல்லாமல் உபரி ஊசி வாங்கி வைத்துக்கொள்ளலாம். இங்கே நான் பேசிய ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "நான் குத்தி ஏதாவது ஆயிட்டா?" நியாயமான பயம். அதை என் கடிதம் போக்காது, அமைச்சின் சுற்றறிக்கைதான் போக்கும்.

"பள்ளியில் கச்சானையே தடை செய்யுங்கள்" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கச்சானும் இக்கான் பிலிஸ் நெத்திலியும் பெலாச்சானும் நம் ஊர்ச் சாப்பாட்டோடு ஊறியவை. தடை என்று போர்டு மாட்டியதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா பழகிடும்" என்று வீட்டிலேயே சோதனை நடத்தும் பாட்டிமார்களுக்கும் ஒரு கும்பிடு. அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் நடக்க வேண்டிய வேலை.

போன வாரம் கடிதத்தைத் திருத்தி எடுத்துப் போனேன். இந்த முறை பலகாரப் பெயர்களோடு, தமிழிலும் மலாய் மொழியிலும்: பெலாச்சான், சின்சாலோக் (புளிக்க வைத்த குட்டி இறால்), காய்ந்த இறால், அது போட்ட சம்பல். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"கெரோப்போக் உடாங், அந்த இறால் அப்பளத்த விட்டுட்டியேம்மா. அவன் தினம் அதத்தானே கேப்பான்."

பேனாவை வாங்கி அவரே எழுதினார்.