தண்ணீர் சுமந்தவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் மாற்று விக்கெட் கீப்பர் தண்ணீர்ப் புட்டிகளோடு ஓடும் படத்தைப் போட்டு, "சம்பளத்துடன் சுற்றுலா" என்று எழுதி, நம் டர்பன் குழுவில் சிரித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

மாற்றுப் பந்துவீச்சாளருக்கு ஆடுகளம் மாறினால் வாய்ப்பு வரும். கீப்பருக்கு இருப்பதோ ஒரே இடம். அங்கே 147 டெஸ்ட் ஆடிய தென்னாப்பிரிக்கக் கீப்பர் மார்க் பவுச்சர் நின்றால், அடுத்தவரின் இளமை காத்திருப்பதிலேயே கழிந்துவிடும். கேப்டவுனின் லங்காவிலிருந்து வந்த கீப்பர் தமி சொலெகிலெ 2004இல் மூன்று டெஸ்ட் ஆடினார். 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டனில் ஸ்டம்பின் மேலிருக்கும் பெயில் கட்டை தெறித்துப் பவுச்சரின் கண்ணில் பட்டு, அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தபோது, கிரிக்கெட் வாரிய ஒப்பந்தத்தில் இருந்த சொலெகிலெயை இங்கிலாந்துக்கு அழைத்தார்கள். கீப்பர் கையுறையை மட்டும் மட்டையாளர் ஏபி டி வில்லியர்ஸிடம் கொடுத்தார்கள். நான்காவது டெஸ்ட் சொலெகிலெக்குக் கடைசிவரை வரவே இல்லை.

அந்தத் தொடரை 2-0 என வென்றோமே என்பீர்கள், வென்றோம், மறுக்கவில்லை. 2016இல் ஊழலுக்காக அவருக்கு 12 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டதே என்பீர்கள். அந்தத் தவறுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதைக் காட்டி 2012இல் நடந்ததை நியாயப்படுத்த விடமாட்டேன். திறமை இருந்தால் இடம் தானாக வரும் என்பதுதான் என்னை மிகவும் புண்படுத்தும் பேச்சு. முதல்தர ஆட்டங்களில் 1649 பேரை ஆட்டமிழக்கச் செய்து இன்றுவரை உலகச் சாதனையை வைத்திருக்கும் இங்கிலாந்தின் பாப் டெய்லர், 1971இல் ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு, முதல் கீப்பர் ஆலன் நாட் விலகும்வரை, 1977 வரை, அடுத்த டெஸ்டுக்குக் காத்திருந்தார். அவருக்கா திறமை இல்லை?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய கிரிக்கெட் மன்றத்தில் ஆறு ஆண்டுகள் நான் இரண்டாவது கீப்பர். வலைப்பயிற்சியில் வளைந்த என் சுண்டுவிரல் இன்னும் நிமிரவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அம்மா என் வெள்ளைக் கால்சட்டையைக் கையில் எடுத்து, முழங்காலில் புல்கறை இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்காது. ஒன்றும் கேட்காமல் அழுக்குத் துணிகளோடு அதையும் சேர்த்துத் துவைத்துப் போடுவார்.

அந்தப் படத்தைப் போட்டவர், அந்த ஆறு ஆண்டுகளும் எனக்கு முன்னால் கையுறை அணிந்தவர். இடைவேளைதோறும் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அண்ணா, அதை எடுத்துவிடுங்கள்.