ஷிண்ட்லர் வீட்டில் உலகம் எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

நவீனக் கட்டடக்கலையின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பாரிசுக்கு அருகிலுள்ள வில்லா சவோய் என்ற வீட்டிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த வீடு கட்டி முடிவதற்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1922இல், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய வெஸ்ட் ஹாலிவுட்டின் கிங்ஸ் சாலையில் கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷிண்ட்லர் தமக்கென ஒரு ஒற்றைத்தள வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். வியன்னாவில் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னரிடம் பயின்று, அமெரிக்காவில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் பணியாற்றி, ரைட் வடிவமைத்த ஹாலிஹாக் இல்லத்தின் கட்டுமானத்தைக் கவனிப்பதற்காகக் கலிஃபோர்னியா வந்தவர் அவர்.

வீட்டின் சுவர்கள் எழுந்த விதமே புதுமையானது. முதலில் போட்ட காங்கிரீட் தரையின் மீதே சுவர்த்துண்டுகளைப் படுக்கைவாட்டில் வார்த்து, இறுகிய பிறகு ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிறுத்தினார்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவே விட்ட ஒடுங்கிய இடைவெளியைக் கண்ணாடியால் அடைத்ததால், கனத்த சுவருக்குள் வெளிச்சம் கோடு கோடாக இறங்குகிறது. தோட்டத்துப் பக்கமோ ரெட்வுட் மரச்சட்டங்களில் கட்டிய, தள்ளித் திறக்கும் கேன்வாஸ் கதவுகள். தரைக்கும் தோட்டத்துக்கும் படி வைக்குமளவு உயர வேறுபாடுகூட இல்லை.

இவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. என் பார்வையில் அந்த வீட்டின் உண்மையான துணிச்சல் அதன் வரைபடத்தில்தான் இருக்கிறது. ஷிண்ட்லரும் அவர் மனைவி பாலினும், பொறியாளர் கிளைட் சேஸும் அவர் மனைவி மேரியனும் என இரண்டு தம்பதியர் சேர்ந்து வாழத் திட்டமிட்ட அந்த வீட்டில், கூடம், சாப்பாட்டறை, படுக்கையறை என்ற வழக்கமான பிரிவினையே கிடையாது. நால்வருக்கும் ஆளுக்கொரு தனி அறை. பொதுவாக ஒரே சமையலறை. தூங்குவதற்கு மொட்டை மாடியில் கூரை மட்டும் போட்ட திறந்த பந்தல்கள். (மழைநாளிலும் குளிரிலும் இது எத்தனை வசதியாக இருந்திருக்கும் என்பதை மொட்டை மாடியில் பாய் விரித்துப் பழகியவர்களே ஊகித்துக்கொள்ளலாம்.) மனைவிக்கும் கணவனுக்கு இணையாகச் சொந்த அறை வேண்டும் என்று 1922இல் ஒரு கட்டடக் கலைஞர் காங்கிரீட்டில் எழுதி வைத்தது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்தப் பொதுச் சமையலறையின் பொறுப்பை இரண்டு மனைவியரும் முறைவைத்து ஏற்பார்கள் என்றுதான் அவரும் திட்டமிட்டார். புரட்சி அடுப்பங்கரை வாசலில் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டுவாழ்க்கை நீடிக்கவில்லை. சேஸ் குடும்பம் 1924இல் வெளியேற, 1925இல் இன்னொரு கட்டடக் கலைஞரான ரிச்சர்ட் நாய்ட்ராவின் குடும்பம் அங்கே குடியேறியது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1932இல் நடத்திய புகழ்பெற்ற கட்டடக்கலைக் கண்காட்சியில் நாய்ட்ராவுக்கு இடம் கிடைத்தது, ஷிண்ட்லருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் தட்டைக் கூரை, தரையோடு தரையாக விரியும் முற்றம், தள்ளித் திறக்கும் பெரிய கதவு என்று இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கலிஃபோர்னிய வீடுகள் பெருமையாகக் காட்டிக்கொண்டவை எல்லாம் கிங்ஸ் சாலையில் முன்பே இருந்தன. கேன்வாஸ் இருந்த இடத்தில் கண்ணாடி வந்தது, அவ்வளவுதான். வரைபடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தோட்டத்தைப் பார்த்த கண்ணாடிக் கதவு விற்பனையானது. வீட்டை ஆள் கணக்கில் பிரிக்கலாம் என்ற எண்ணம் விற்பனையாகவில்லை. இன்றுவரை வீடுகளுக்குப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தானே விலை பேசுகிறோம்!

அந்த வரைபடம் வெறும் கனவு என்று ஒதுக்குபவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் பாலினின் பிற்கால வாழ்க்கை. 1920களின் பிற்பகுதியில் கணவரைப் பிரிந்து போனவர், சுமார் பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, ஒரு காலத்தில் சேஸ் தம்பதியர் இருந்த பகுதியில் தனியாகக் குடியேறினார். அதன் உட்புறத்துக்குத் தமக்குப் பிடித்த இளஞ்சிவப்பு வண்ணத்தைப் பூசிக்கொண்டார்; ஷிண்ட்லருக்கு அது பிடிக்கவில்லை. 1953இல் ஷிண்ட்லர் இறக்கும்வரை இருவரும் ஒரே கூரையின் கீழ், அவரவர் பகுதியில், அவரவர் விருப்பப்படி வாழ்ந்தார்கள். மணவாழ்க்கை முறிந்த பிறகும் இருவருக்கும் இடம் கொடுக்க முடிந்த வீட்டைத் தோல்வியுற்ற சோதனை என்று என்னால் ஏற்க முடியவில்லை.