மகன் பக்கமும் நியாயம் இருக்கு

'பிக் ஃபிஷ்' படத்தை நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். டேனியல் வாலஸ் நாவலை வைத்து டிம் பர்ட்டன் 2003இல் எடுத்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த அப்பாவைத்தான் கொண்டாடுகிறார்கள். ராட்சதனோடு ஊரைவிட்டுக் கிளம்பியது, சூனியக்காரியின் கண்ணாடிக் கண்ணில் தன் சாவையே பார்த்தது, காதலியின் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மஞ்சள் பூவாக நிரப்பியது என்று எட்வர்ட் ப்ளூம் விடுகிற சரடெல்லாம் அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் மகன் வில்லின் கல்யாணத்திலும் மனுஷன் அதே மீன் கதையை எடுத்துவிடுகிறாரே! நீ பிறந்த அன்றைக்குக் கல்யாண மோதிரத்தைத் தூண்டிலில் மாட்டிப் பெரிய மீனைப் பிடித்தேன் என்று. தன் கல்யாண நாளில்கூட அவன் அப்பா கதையில் ஓர் ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது. மூன்று வருஷம் அப்பாவோடு பேசவில்லை. நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

(படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

கடைசியில் ஆஸ்பத்திரியில் குடும்ப டாக்டர் வில்லிடம் நிஜத்தைச் சொல்கிறார். நீ பிறந்தபோது உன் அப்பா ஊரிலேயே இல்லை, வியாபார விஷயமாக விச்சிட்டா நகரத்துக்குப் போயிருந்தார், பிரசவத்தில் ஒரு சிக்கலும் இல்லை, அவ்வளவுதான். எனக்கென்னவோ மீன் கதைதான் பிடிக்கும் என்கிறார் டாக்டர். நீங்கள் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது என்கிறான் வில். இந்த ஒரு வரியை யாருமே கவனிப்பதில்லை. அந்தச் சப்பென்ற உண்மை கைக்கு வந்த பிறகுதான், சாகக் கிடக்கும் அப்பாவுக்கு அவனால் ஒரு கதை சொல்ல முடிகிறது. அந்தக் கதையில் அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆற்றில் மீனாக விடுகிறான். வயதான அப்பாவாக வரும் ஆல்பர்ட் ஃபின்னி படுத்துக்கொண்டே கண்ணாலேயே நடிக்கிற இடம் அது.

என் அப்பா மெடிக்கல் ரெப். மாதத்தில் பாதி நாள் டூர். அஞ்சாம் கிளாஸ் ஆண்டுவிழாவில் நான் கட்டபொம்மன் வேஷம் போட்டு, ஒட்டிய மீசை வியர்வையில் பிய்ந்து தொங்க வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் வரவில்லை என்று எப்போது கேட்டாலும், விழுப்புரம் லாட்ஜில் பேயோடு விடிய விடிய சீட்டாடிய கதைதான் வரும். ஒவ்வொரு தடவையும் பேய் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

இன்று காலையில் போன் போட்டு, "நிஜமா அன்னைக்கு எங்கப்பா இருந்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கடைசி பஸ்ஸ விட்டுட்டேன்டா" என்றார்.