உங்கள் புண்ணியத்தை உங்கள் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கா

"பூனைதானே, அதற்கென்ன மன உளைச்சல்?" என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. இன்று காலை மாடி வீட்டு அக்கா கேட்டார். கேட்டுக்கொண்டே பையிலிருந்த மீன் தலைகளை என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கொட்டினார். என் ஜன்னலுக்குக் கீழே! அவருடைய மொட்டை மாடி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது.

அவர் படியேறுவதற்குள் அந்தச் செம்பட்டைக் கடுவன் காம்பவுண்டு சுவரிலிருந்து குதித்தது. பெருத்த தலை, கிழிந்த காது. தின்றுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஜன்னல் விளிம்பில் ஏறி, எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி, நுனி நடுங்க, கொசுவலையின் மேலேயே பீய்ச்சி அடித்தது. வலைக்கு இந்தப் பக்கம் என் முத்து. முதுகு மயிரெல்லாம் குத்திட்டு நிற்க, அடித்தொண்டையிலிருந்து கைக்குழந்தை வீறிடுவதுபோல் ஓர் ஊளை. எதிரியை எட்ட முடியாத ஆத்திரத்தில், தூக்கப்போன அம்மாவின் கையைக் கடித்துவிட்டது. தினமும் அம்மா மடியில் தூங்கும் பூனை! பிறகு இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த புடவைகளின் மேல் மூத்திரம் பெய்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அம்மாவின் கையைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, ஊசி போட அழைத்துப் போய், திரும்பி வந்து பார்த்தால் அப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. கண்மணி இரண்டும் விரிந்து, காது தட்டையாக.

இதற்குள் ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். பினாயில் ஊற்றச் சொல்கிறார் ஒருவர், அந்துருண்டை போடச் சொல்கிறார் இன்னொருவர். இரண்டும் பூனைக்கு நஞ்சு! மூன்றாமவர் இரண்டு அடி போடச் சொல்கிறார். பயந்து நடுங்கும் உயிரை அடித்தால் பயம் போய்விடுமா? நான்காமவர், "வெளியே விடுங்கள், சண்டை போட்டுப் பழகட்டும்" என்கிறார். கடிபட்டுச் சீழ் வைத்தால் அவரா மருந்து போடப் போகிறார்?

முத்து திமிரில் அங்கே மூத்திரம் பெய்யவில்லை. தன் இடம் பறிபோகிறது என்ற கிலியில் பெய்கிறது. இந்தக் கிலி நீடித்தால் மூத்திரப்பை வீங்கும், ஆண் பூனைக்கு மூத்திரக்குழாயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்திருக்கிறார். இதைத்தான் இவர்கள் "பூனைதானே" என்கிறார்கள்.

இன்றைக்கு முன்பும் நான் சும்மா இருக்கவில்லை. வெளியே தெரியாதபடி ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் மங்கல் தாள் ஒட்டினேன். முத்து மூத்திரம் பெய்யும் மணல் தட்டை ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றி, இன்னொன்றும் வைத்தேன். பீரோவின் மேல் மெத்தை போட்டு, உயரத்தில் ஓர் இடம் கொடுத்தேன். கறை பட்ட இடங்களை நொதி கலந்த திரவத்தால் துடைத்தேன், ஏனென்றால் வாசனை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும். முத்து வயிற்று மயிரை நக்கி நக்கி உதிர்ப்பதை நிறுத்தி, ஒழுங்காகச் சாப்பிடவும் ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு பை மீன் தலை பாழாக்கிவிட்டது.

அந்தக் கடுவன் மீது எனக்குக் கோபமே இல்லை. பசித்தது, வந்தது. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதைக் குறைத்துக்கொள்ளும். செலவில் பாதியைத் தருகிறேன், பிடித்துக்கொண்டு போகவும் வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "பாவம்டி, இயற்கைக்கு விரோதமாகச் செய்யலாமா?" என்றார். பூனைக்கு இரண்டு மாதத்தில் பிரசவம், பிறந்த குட்டி ஆறு மாதத்துக்குள்ளேயே சினையாகிவிடும். அந்தக் குட்டிகள் மழையில் நனைந்து, வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுச் சாவது மட்டும் பாவமில்லையா? சோறு போடுகிறவர் அந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். முடியாதென்றால் அந்த மீனைத் தன் மொட்டை மாடியில் போடட்டும்.

மொட்டை மாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டி விடியற்காலையில் நிரம்பி, என் சுவர் வழியாகத்தான் ஊற்றுகிறது. அந்த மோட்டாரை அணைக்க வேண்டியது யார், அதுவும் நானா?