லாரியில் அடிபட்டவனுக்கு அடுத்த ஜென்மத்தில் என்ன வேலை?

ஜப்பானிய மறுபிறவி நாவல்கள் என்றதும் வருகிற கிண்டல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். “லாரி அடிச்சுச் செத்தான், வேற உலகத்துல பொறந்தான், உடனே சூரன் ஆயிட்டான், சுத்தி நாலு பொண்ணுங்க.” கிண்டலில் தப்பில்லை. இந்த வகையில் வருவதில் பெரும்பகுதி அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதே வகையில் 26 தொகுதி, 33 தொகுதி என்று ஓடிய நாவல்களையும் ஆட்கள் கடைசிவரை விடாமல் படித்திருக்கிறார்கள். சூரத்தனம் இரண்டாவது தொகுதியிலேயே சலித்துவிடும். அப்புறமும் பிடித்து உட்காரவைப்பது, செய்த வேலைக்கு ஏற்ற பலன் கண்ணெதிரே ஏறுகிற அந்தக் கணக்குதான் என்பது என் கட்சி.

இசெகாய் என்றால் வேற்றுலகம். அதில் இரண்டு ரகம். இருக்கிற உடம்போடும் வயசோடும் அங்கே போய் விழுந்தால் ‘டென்-இ’, அதாவது இடமாற்றம். செத்து இன்னொரு வயிற்றில் பிறந்தால் ‘டென்செய்’, மறுபிறவி. இடமாற்றக் கதையில் ஊர் திரும்பும் கேள்வி கடைசிவரை தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஊர் பாஷை இவனுக்கு எப்படிப் புரிகிறது என்பதற்கும் ஏதாவது சால்ஜாப்பு சொல்லியாக வேண்டும். மறுபிறவியில் இரண்டு தொல்லையும் கிடையாது. பழைய உடம்பு போயே போய்விட்டது, பாஷையைத் தொட்டிலில் கிடந்தபடியே பழகிக்கொள்ளலாம். லாரி வருவதும் இந்த வசதிக்குத்தான். இரண்டே பக்கத்தில் ஆளை அனுப்பிவிடலாம், பழிவாங்க வில்லன் என்று யாரும் பின்னால் மிஞ்ச மாட்டான். வாசகர்கள் அதற்கு ‘டிரக்-குன்’ என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். 2012 கடைசியில் இணையத்தில் தொடங்கிய ‘கொனோசுபா’வில் நாயகன் கசுமா, மெதுவாக வந்த டிராக்டரை லாரி என்று நினைத்துப் பயத்திலேயே செத்துப்போகிறான். அப்போதே கேலி செய்கிற அளவுக்கு இது பழகிப்போயிருந்தது.

அதே 2012 நவம்பரில் ரிஃபுஜின் நா மகோனோதே ‘முஷோகு டென்செய்’ எழுதத் தொடங்கினார். நாயகனுக்கு 34 வயது. வேலை இல்லை. பள்ளியில் பட்ட கொடுமைக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவன். லாரிதான். ரூடியஸ் என்ற குழந்தையாகப் பிறக்கிறான். தரையில் தவழ்கிற வயசு தாண்டியதும் வீட்டில் கிடக்கும் மந்திரப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நீர்மந்திரம் பழகுகிறான். ஒருவருடைய மந்திர சக்தியின் அளவு பிறப்பிலேயே முடிவாகிவிடும் என்கிறது புத்தகம். இவனோ தினமும் சக்தி தீர்ந்து மயங்கி விழும்வரை பயன்படுத்தி, எத்தனை தடவை முடிந்தது என்று எண்ணுகிறான். மறுநாள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. புத்தகம் சொன்னது தப்பு. சின்ன வயசில் தீரத் தீரச் செலவழித்தால் கொள்ளளவு வளரும். பின்னால் வருகிற அவனுடைய வலிமையில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையிலிருந்து வருகிறது. கடவுள் தூக்கிக் கொடுத்தது ஒன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய காட்சி ஒன்று உண்டு. ரூடியஸால் வீட்டுக் கேட்டைத் தாண்ட முடியாது. உடம்பு புதுசு, பயம் பழசு. குருவாக வந்த ரோக்ஸி, கடைசிப் பரீட்சைக்காக அவனைக் குதிரையில் ஏற்றி வெளியே கூட்டிப்போகிறாள். அவளுக்கு அவன் கதை எதுவும் தெரியாது. குதிரையைக் கண்டு பயப்படுகிறான் போல என்று நினைத்துக்கொள்கிறாள். கிராமத்துக்காரர்கள் வழியில் வணக்கம் சொல்கிறார்கள். பயணம் அவ்வளவுதான். புயலை வரவழைக்கும் மந்திரம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. படித்தவர்களைக் கேட்டால் பலருக்கு நினைவில் நிற்பது குதிரைதான். (இந்த நாவலின் நாயகன் பெண்களைப் பார்க்கும் பார்வை அருவருப்பானது என்ற புகார் நியாயமானது. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.)

நாயகர்களின் வயசைக் கவனியுங்கள். ரூடியஸ் 34. ‘ஸ்லைம்’ (கூழ் மாதிரி வழவழப்பான ஒரு அற்பப் பிராணி) கதையின் மிகாமி சதோரு 37. வேறொரு கதையில் 300 வருஷம் ஸ்லைம்களை அடித்தே உச்சத்துக்குப் போகும் அசுசா, 27 வயதில் ஆபீஸ் வேலை செய்தே செத்தவள். பள்ளிக்கூடப் பையன்களின் கனவு என்று பேசுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. 1991ல் பொருளாதாரக் குமிழி உடைந்தபின், 1993 முதல் 2005 வரை படித்து முடித்தவர்களை ஜப்பானில் ‘வேலை உறைபனிக்காலத்’ தலைமுறை என்பார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலைக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் படித்து முடிக்கும் அந்த ஒரு வருஷம்தான்; அதைத் தவறவிட்ட பலருக்குக் கடைசிவரை ஒப்பந்தக்கூலி. வேலை கிடைத்தவர்களுக்கு ‘ஷச்சிகு’, கம்பெனி மாடு, என்று பெயர். மாதம் 80 மணி நேரம் ஓவர்டைம் என்பதை அங்கே ‘கரோஷிக் கோடு’ என்கிறார்கள். கரோஷி என்றால் வேலைப்பளுவால் வரும் சாவு. உழைத்த உழைப்புக்கும் வந்த பலனுக்கும் தொடர்பு அறுந்துபோன ஊரில், 10 எதிரியை அடித்தால் ஒரு படி ஏறும் என்று கண்முன்னே பலகை காட்டுகிற உலகம் ஏன் இனிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பலகையும் புதுசாகக் கற்பித்ததல்ல. 1986ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ வீடியோ கேம் விளையாடிய கைகளுக்கு ஸ்லைம் என்றாலே முதலில் அடிக்கிற, ஆக பலவீனமான எதிரி. அதுவாகவே பிறக்கிறான் என்று தலைப்பில் சொன்னால் போதும், ஜப்பானிய வாசகனுக்குப் பாதிக் கதை புரிந்துவிடும்.

தலைப்பு என்றதும் அதன் நீளம் ஞாபகம் வருகிறது. ‘மறுபிறவி எடுத்துப் பார்த்தால் ஸ்லைமாக இருந்த விவகாரம்’ என்பதுதான் அதன் ஏறக்குறைய நேரடிப் பொருள். இந்த நீளத்துக்குக் காரணம் 2004ல் தொடங்கிய ‘ஷோசெட்சுகா நி நரோ’ என்ற இணையதளம், சுருக்கமாக ‘நரோ’. பெயரின் பொருள் ‘நாவலாசிரியர் ஆவோம்’. யாரும் இலவசமாக எழுதலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரு வாசகர் ஒரு கதையைப் புக்மார்க் செய்தால் 2 புள்ளி, நட்சத்திரம் கொடுத்தால் 10 வரை. ஆக ஒருவர் தரக்கூடியது 12. இந்தப் புள்ளிகளை வைத்து நாள், வாரம், மாதம் என்று தரவரிசை ஓடும். தரவரிசைப் பக்கத்தில் கண்ணில் படுவது தலைப்பு. அட்டைப்படம் கிடையாது. அதனால் தலைப்பே அட்டை, தலைப்பே பின்னட்டைச் சுருக்கம்.

ஒரு அத்தியாயம் பொதுவாக 2,000 முதல் 4,000 எழுத்து. ரயிலில் நாலைந்து ஸ்டேஷன் போவதற்குள் முடிந்துவிடும். நாள் தரவரிசையில் ஏற வேண்டுமானால் முதல் சில வாரம் தினமும் போட வேண்டும். இதுதான் கதையின் உடம்பையே தீர்மானிக்கிறது. நாயகன் மூன்று அத்தியாயம் தொடர்ந்து தோற்றால் புக்மார்க் உதிரும். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு சின்ன வரவு இருந்தாக வேண்டும்: ஒரு புதுத் திறன், ஒரு நல்ல சோறு, ஒரு புது ஆள். எங்கே போய் முடிக்கப்போகிறோம் என்று தெரியாமல் தொடங்குகிறவர்கள் ஒரு நாள் அப்படியே நின்றுவிடுவார்கள். ‘எடர்னல்’ (முடிவில்லாத) என்ற ஆங்கில வார்த்தையை வெட்டி ‘எதாரு’ என்று ஒரு வினைச்சொல்லே செய்துவிட்டார்கள் அதற்கு. மறுபிறவிக் கதைகள் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டதால், 2016ல் நரோ அவற்றுக்குத் தனித் தரவரிசை பிரித்துக் கொடுக்க வேண்டி வந்தது.

சரி, வேலைக் கணக்கு என்றேனே, அதற்கு ஆகச் சிறந்த சாட்சி மியா கசுகியின் ‘ஹொன்சுகி நோ கெகோகுஜோ’, ஆங்கிலத்தில் ‘அசெண்டன்ஸ் ஆஃப் எ புக்வோர்ம்’. நூலகராக வேலை கிடைத்திருந்த உரானோ, நிலநடுக்கத்தில் சரிந்த புத்தகங்களுக்கு அடியில் செத்து, நகரக் காவல் வாசலில் நிற்கும் ஒரு சிப்பாயின் 5 வயது மகள் மைனாகக் கண்விழிக்கிறாள். புத்தகம் பிரபுக்களிடம் மட்டும் இருக்கிற உலகம். தோல்தாள் ஏழைக்கு எட்டாத விலை. உடம்போ, தெருமுனை வரை நடந்தால் காய்ச்சலில் படுக்கிற உடம்பு. புல் நாரைப் பின்னித் தாள் செய்யப் பார்க்கிறாள், விரலகலத்துக்கு மேல் போகவில்லை. களிமண் பலகை செய்கிறாள், மற்ற பிள்ளைகள் மிதித்துவிடுகிறார்கள். மறுபடி செய்து அடுப்பில் சுட்டால் வெடிக்கிறது. மண்ணுக்குள் ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகி உடைக்கத்தான் செய்யும். மரச்சில்லுகளைச் சீவி எழுதப் பார்க்கிறாள். அம்மா அதை விறகென்று அடுப்பில் வைத்துவிடுகிறாள். அம்மாமீது குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் மரச்சில்லு என்றால் விறகுதான்.

பிறகுதான் மரப்பட்டைக் காகிதம். நாவல் பின்பற்றுவது ஜப்பானின் ‘வாஷி’ முறையைத்தான். நிஜத்தில் அது எப்படி என்று பாருங்கள். முசுக்கொட்டைக் குடும்பத்து கொசோ செடியின் கிளைகளைக் குளிர்காலத்தில் வெட்டி, இரண்டு மணி நேரம் போல ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் பட்டையை உரிக்க வேண்டும். கறுப்பு மேல்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். சாம்பல் காரத்தில் கொதிக்கவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசி, அழுக்கை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, நார் பஞ்சாகும்வரை அடிக்க வேண்டும். இங்கேதான் தெரியாதவர்கள் கோட்டை விடுவார்கள்: அடித்த நாரைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் போய்க் கட்டிதட்டி நிற்கும். நாரைப் பிரித்து மிதக்கவைக்கப் பிசின் மாதிரி ஒன்று வேண்டும். ஜப்பானில் அதற்கு டொரொரோ-அஓயி என்ற செடியின் வேர். நம் வெண்டைக்காய்க்கு நெருங்கிய உறவு. அந்த வழவழப்பை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். வெயில் ஏற ஏற அந்த வழவழப்பு நீர்த்துப்போகும் என்பதால்தான் காகிதம் குளிர்காலத் தொழிலாக இருந்தது. நாவலில் அந்த வேர் கிடையாது. மைனும் பக்கத்து வீட்டு லுட்ஸும் அந்த உலகத்து எடில் பழத்தில் வழவழப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு முன்னால் பாத்திரம், ஆவிப்பெட்டி, சல்லடைச் சட்டம், சாம்பல், எல்லாவற்றுக்கும் காசு. அதற்காக வியாபாரி பென்னோவிடம் பேரம். முதல் தாள் கையில் வரும்போது வாசகனுக்கே கை வலிக்கும்.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள் எழுதுவது மயோனைஸ் கதை. நாயகன் போன மறுநாளே ஒரு மஞ்சள் கரு, 150 மில்லி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர் அடித்துக் கொடுப்பான், ராஜா மயங்குவார். அந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடாவிட்டால் திரிந்துபோகும். சுத்திகரிக்காத எண்ணெய் கசக்கும். விளக்குக்கே எண்ணெய் போதாத ஊரில் 150 மில்லி யார் தருவார்? எல்லாவற்றுக்கும் மேல் பச்சை முட்டை. ஜப்பானியர் சோற்றில் பச்சை முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிட முடிவது, முட்டையைக் கழுவி, தரம் பிரித்து, பச்சையாகச் சாப்பிடும் நாளைக் கணக்கிட்டு அச்சடித்து அனுப்புகிற ஏற்பாட்டால். புளிப்பு எவ்வளவு என்றே தெரியாத வினிகரை நம்பி அதை விருந்தில் வைத்தால் ராஜா வேறு காரணத்துக்காக மயங்குவார்.

வெடிமருந்தும் இதே கதைதான். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்று விகிதம் ஒப்பிப்பார்கள். வெடியுப்புக்கு எங்கே போவது? எடோ காலத்து (17–19ஆம் நூற்றாண்டு) கொகயாமா மலைக்கிராமங்களில் வீட்டுத் தரைக்குக் கீழே குழி வெட்டி, மண்ணும் பட்டுப்புழு எச்சமும் காட்டுச் செடிகளும் அடுக்கி, நாலைந்து வருஷம் காத்திருந்து எடுத்தார்கள். சொந்த நாட்டிலேயே இப்படி ஒரு சரக்கு இருக்கும்போது அதை ஒரு வரியில் தாண்டிப்போகிறார்களே என்பது என் ஆதங்கம்.

‘ஸ்லைம்’ இந்த விஷயத்தில் நடுவில் நிற்கிறது. ரிமுருவுக்கு (ஸ்லைமாகப் பிறந்த மிகாமிக்கு அங்கே இதுதான் பெயர்) திறன்கள் அள்ளிக் கொட்டப்படுகின்றன, உண்மை. ஆனால் பெயரில்லாத கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டே போனவன், சக்தி தீர்ந்து மூன்று நாள் அசையாமல் கிடக்கிறான். அப்புறம் வீடு கட்டத் தெரிந்தவர் வேண்டும், துணி நெய்யத் தெரிந்தவர் வேண்டும் என்று குள்ளர் நாட்டுக்குப் போய் கைஜின் என்ற கொல்லரைக் கூட்டிவருகிறான். சண்டைகளைவிட அந்த ஊர் எழும்பும் பக்கங்கள்தான் எனக்கு உசத்தி.

மன்னிக்க முடியாதது இன்னொன்று: அடிமைச் சந்தையில் பெண்ணை வாங்கி, “நான் நல்ல எஜமான்” என்று நாயகன் நெகிழ்கிற வகையறா. வாங்கினவள் நன்றியோடு காதலிக்கவும் செய்வாள். எழுத்தாளருக்கு உழைப்பில்லாமல் ஒரு துணைப்பாத்திரம் கிடைத்துவிடுகிறது. இதைக் கண்டால் புத்தகத்தை மூடிவிடலாம், நஷ்டமில்லை.

மறுபிறவி ஞாபகம் ஜப்பானுக்குப் புதுசில்லை. 1815ல் இன்றைய ஹச்சியோஜிப் பக்கம் பிறந்த கத்சுகோரோ என்ற சிறுவன், போன ஜென்மத்தில் தான் ஹொதொகுபோ கிராமத்தில் அம்மை கண்டு செத்த தோசோ என்று சொன்னான். 1823ல் அறிஞர் ஹிராதா அத்சுதானே அவனை நேரில் விசாரித்து எழுதியே வைத்தார். அந்தப் பையன் கேட்டது தன்னைப் பழைய ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான். நம் மணிமேகலைக்கும் மணிபல்லவத்தில் பழம்பிறப்பு தெரிந்ததும் அது அவளைத் துறவுப் பக்கம் தள்ளியது. இன்றைய நாயகர்களுக்குப் போன ஜென்மம் என்பது திரும்பிப் பார்க்க வேண்டிய வீடாக அநேகமாக இருப்பதில்லை. கையில் எடுத்து வந்த கருவிப்பெட்டி, அவ்வளவுதான். இருநூறு வருஷத்தில் இது எப்படி மாறியது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: அனிமே பார்த்துவிட்டு நடுவிலிருந்து நாவலுக்குப் போகாதீர்கள். அனிமேயில் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்த வேலைப் பகுதிகள்தான், அதனால் முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். ‘ஸ்லைம்’ இணைய வடிவமும் அச்சு வடிவமும் போகப் போக வெவ்வேறு கதையாகிவிடும், இரண்டையும் கலக்காதீர்கள். புக்வோர்ம் முதல் தொகுதி பாதிவரை இழுவையாகத் தெரியும். அம்மா மரச்சில்லுகளை அடுப்பில் வைக்கிற இடம்வரை பொறுங்கள். அங்கே உங்களுக்கு ஒன்றும் சுருக்கென்று தைக்கவில்லையானால் மீதி 32 தொகுதிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.