அரிக்கமேடு ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊர் அல்ல

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு என்றாலே எல்லோரும் 1945-இல்தான் கதையைத் தொடங்குகிறார்கள். பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் வந்தார், தோண்டினார், ரோமானிய வணிகத்தலம் வெளிப்பட்டது. இந்தக் கதையை இன்னும் எத்தனை காலம்தான் சொல்லிக்கொண்டிருப்பது?

வீலருக்கு முன்பே அந்த மேடு பலர் கண்ணில் பட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி அங்கிருந்த பழைய செங்கற்களைப் பற்றி எழுதிவைத்தார். 1937-இல் அகஸ்டஸ் சீசருடையது என்று கருதப்படும் தலை செதுக்கிய கல் ஒன்று பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேயின் கைக்கு வந்தது.

வீலரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்னை அருங்காட்சியக அலமாரியில் கிடந்த ஓர் உடைந்த சாடிக் கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், அது மத்தியதரைக்கடல் பக்கத்து ஆம்போரா, அதாவது மது கொண்டுவரும் இருகைப்பிடிச் சாடி என்று கண்டுகொண்டார். அப்புறம் அரிக்கமேட்டில் குழி வெட்டி மண்ணடுக்குகளைப் பிரித்தார். இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்புத் தட்டுகளின் காலம் ஏற்கெனவே தெரியும். அந்தத் தட்டின் துண்டு கிடந்த அடுக்கிலேயே நம்மூர்ப் பானை ஓடும் கிடந்தால் அதற்கும் காலம் சொல்லிவிடலாம். தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு போட ஒரு பிடி கிடைத்தது இப்படித்தான்.

ஆனால் ஊரின் வாழ்வையே அந்தத் தட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ரோமானியச் சரக்கு வரும்வரை அது வெறும் மீனவக் குப்பம் என்பது அவர் எண்ணம். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது அந்தக் கணக்கு மாறியது. அரெஸ்ஸோ தட்டுகள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. அவை வருவது நின்ற பிறகும் பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்தார்கள். வீலர் மத்தியதரைக்கடல் சாயல் என்று நினைத்த ரௌலட்டட் கலங்கள் (உட்புறம் சிறு புள்ளி வரிசைகள் பதித்த தட்டுகள்) இந்தியாவிலேயே செய்தவை என்பதும் பின்னால் தெரிந்தது.

எனக்கு அங்கே பெரிதாகத் தெரிவது மதுச்சாடி அல்ல, கோத்து அணியும் கண்ணாடி மணி. உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக நீளமாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவார்கள். ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம்வரை இதே முறையில்தான் மணி செய்தார்கள். அரிக்கமேட்டு மணிகளைப் போன்றவை தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கிடைக்கின்றன. மேற்கே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கிழக்குக் கடல் வணிகம் கண்ணில் படாது.

பெக்லியின் முடிவுகள் பள்ளிப் பாடத்துக்குள் வரவேண்டும். மேட்டின் ஓரத்தை அரியாங்குப்பம் ஆறு அரித்துக்கொண்டே போகிறது. கரையைக் கட்டிக் காப்பதுதான் முதல் வேலை, புதுக் குழிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.